எட்டு மணி வரை போர்டு விலை

டிசம்பர் 3, புதன்

காலை 9.10-க்கு மயிலாத்தாள் வாய்க்கால் மேட்டில் வழுக்கி விழுந்தாள். வலது கணுக்கால் முறிவு. மாவுக்கட்டுப் போட்டாயிற்று. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாதாம்.

நிமிடம் பார்த்து எழுதுவது பழக்கதோஷம். ஸ்பின்னிங் மில்லில் இருபத்தாறு வருடம் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தவன் நான். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று எழுதியே பழகிய கை. மில்லை மூடி ஒன்பது வருடம் ஆகிறது. கை மட்டும் இன்னும் டியூட்டியில் இருக்கிறது.

வீட்டுக்குக் கூட்டிவந்து கட்டிலில் படுக்கவைத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "வெள்ளிக்கெழமக் காய்க்கு என்ன பண்றதுங்க?"

என் மாமனார் கொடுத்த தொண்ணூறு சென்ட் நிலம் அவள் பெயரில் இருக்கிறது. கத்திரி, வெண்டை, கொஞ்சம் பீர்க்கு. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு பறிப்பு. உழவர் சந்தையில் விளைவித்தவர்தான் விற்கலாம், வியாபாரி நுழையக் கூடாது. அதற்காக நிலத்தை வந்து பார்த்துப் படம் ஒட்டிய அட்டை கொடுப்பார்கள். மில் மூடிய வருடமே அவள் அந்த அட்டையை வாங்கிவிட்டாள். அதை வைத்துத்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. அட்டையின் ஓரத்தில் குடும்பத்தார் என்று என் படமும் உண்டு.

"யாவாரி பாதி வெலைக்குத்தான் கேப்பான். அதுவுமில்லாம, ரொம்ப நாளு போகலீன்னா அட்டையத் தூக்கிருவாங்க" என்றாள். என்னைப் போகச் சொல்லவில்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானே போகிறேன் என்றேன்.

"உங்களுக்கு ஆகுமுங்களா?"

ஆகாமல் என்ன? காய் விற்பதுதானே.

இந்த ஒன்பது வருடத்தில் நான் அந்தச் சந்தைக்குள் கால் வைத்ததில்லை. வேலை வரவில்லை, அவ்வளவுதான். அவள் 4.40 பஸ்ஸில் கூடைகளோடு போவாள். நான் ஆறு மணிக்கு மொபெட்டில் டவுனுக்குப் போய்ப் பூங்காவில் வாக்கிங் போவேன். இருவருக்கும் வேளை வேறு. அதனால் சேர்ந்து போகத் தோதுப்படவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

3.30-க்கு எழுந்தேன். பஸ்ஸில் மூன்று கூடை, ஒரு சாக்கு. மார்கழி நெருங்குகிறது, பனி. குல்லா போட்டுக்கொண்டேன். சந்தையில் தூசி இருக்கும் என்று மாஸ்க்கும் மாட்டிக்கொண்டேன்.

வாசலிலேயே பெரிய கறுப்புப் பலகை. அன்றைய விலையைச் சந்தை அலுவலகத்தார் சாக்பீஸால் எழுதுகிறார்கள். அட்டையைக் காட்டினால் டோக்கன், தராசு. அட்டையைப் பார்த்த பெண் என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "மயிலக்கா ஊட்டுக்காரருங்களா? மாஸ்க்க எறக்குங்க" என்றாள். இறக்கிக் காட்டிவிட்டு உடனே ஏற்றிக்கொண்டேன்.

மயிலாத்தாள் வழக்கமாக உட்காரும் கடைசி வரிசைக் கடையையே எனக்கும் கொடுத்தார்கள். பக்கத்துக் கடை துளசிமணி என்ற பெண். நாற்பது நாற்பத்தைந்து இருக்கும். அவளும் கத்திரி, வெண்டைதான், கூடக் கொஞ்சம் கீரை. "அக்காவுக்கு இப்ப எப்படீங்கண்ணா இருக்குது?" என்று விசாரித்தவள், என் கூடையைத் தானே கவிழ்த்து வெண்டையை ஒரே பக்கமாகக் காம்பு தெரிய அடுக்கிக் கொடுத்தாள். "கூப்பிடுங்கண்ணா. கூப்பிட்டாத்தான வருவாங்க."

என் தொண்டைக்குப் பனி ஆகாது. கூப்பிடவில்லை.

பூங்கா சந்தைக்கு எதிரிலேயே இருக்கிறது. 7.15-க்கு வாக்கிங் முடித்தவர்கள் பையோடு உள்ளே வருகிறார்கள். எங்கள் கோஷ்டியும் வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானசுந்தரம் சாரின் குரல் கேட்டது. அந்த நேரம் பார்த்து என் செருப்பு வார் நழுவிவிட்டதால் கூடைக்குப் பின்னால் குனிந்து சரிசெய்துகொண்டிருந்தேன். 7.15 முதல் 7.32 வரை.

பாதிக் காய் மீந்துவிட்டது.

டிசம்பர் 6, சனி

முதுகு வலி. குனிந்ததால் இருக்கும்.

டிசம்பர் 8, திங்கள்

இன்று ஒரு வழி கண்டுபிடித்தேன். சிலேட்டில் போர்டு விலையைவிட எட்டு ரூபாய் குறைத்து எழுதி வைத்தேன். கூப்பிடவே வேண்டியதில்லை. சனம் தானாக வந்து மொய்த்துக்கொண்டது. 6.38-க்குக் கூடை காலி. 7.05 பஸ்ஸைப் பிடித்து 7.40-க்கு வீட்டில் இருந்தேன்.

துளசிமணி மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, எட்டு மணி வரைக்கும் போர்டு வெலைய யாரும் ஒடைக்கறதில்லீங்க. இது ஆபீஸ் சட்டமில்ல, நாங்களா வெச்சுக்கிட்டது. எட்டுக்கு மேல மீந்ததை என்னமோ பண்ணிக்கலாம். முன்னாடியே ஒருத்தர் எறக்குனா மத்தவிங்க காய் நின்னு போயிருமுங்க."

வீட்டில் கால் ஒடிந்தவள் தனியாக இருக்கிறாள், நான் சீக்கிரம் போயாக வேண்டும் என்றேன். அவள் தன் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காரணம் உண்மைதானே. மயிலாத்தாள் தனியாகத்தான் இருக்கிறாள்.

"அதுக்குள்ள வித்துப் போச்சுங்களா?" என்று மயிலாத்தாளுக்கு ஆச்சரியம். குறைந்த பணத்தை என் பையிலிருந்து சேர்த்துக் கொடுத்தேன். எதற்கு வீணாக அவளிடம் விளக்கிக்கொண்டு.

டிசம்பர் 11, வியாழன்

எனக்கு வாடிக்கைக்காரர்கள் சேர்ந்துவிட்டார்கள். "குல்லாக்காரர் வந்துட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே வருகிறார்கள். 6.25-க்கு முடிந்தது. டைம் ஆபீஸ் மூளை வீண்போகவில்லை.

துளசிமணி இன்று காய் அடுக்கித் தரவில்லை. அவளுக்கும் வேலை இருக்கும்.

டிசம்பர் 13, சனி

6.20-க்கு முடித்துவிட்டேன். ஆனால் தராசைத் திருப்பிக் கொடுக்க வரிசை இருந்ததால் பஸ் தவறிவிட்டது. அடுத்த பஸ் 8.50-க்குத்தான். நிறுத்தத்தின் பின்பக்கம் பெட்டிக்கடை மறைவில் உட்கார்ந்திருந்தேன்.

8.40-க்குத் துளசிமணி வந்தாள். அவள் தலையில் இருந்த கூடையில் வெண்டைக்காய் அப்படியே இருந்தது. நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளுக்கு முன்னால் கூடையைக் கவிழ்த்தாள். பதினைந்து கிலோவாவது இருக்கும். பிஞ்சுக் காய். காலையில் பறித்த ஈரம் காயவில்லை. ஆடுகள் தின்பதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் காலிக் கூடையைத் தட்டி உள்ளே ஒட்டியிருந்ததையும் உதறினாள்.

வெண்டை நேற்றையதாக இருந்தால் யார்தான் வாங்குவார்கள் என்று எழுத நினைத்தேன். நேற்றையது இல்லை. காலையில் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேனே.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. பனி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

டிசம்பர் 15, திங்கள்

சாயங்காலம் ஞானசுந்தரம் சார் போன் செய்தார். பத்து நாளாக வாக்கிங்குக்கு ஏன் வரவில்லை என்றார். பனி என்றேன்.

"அது கெடக்கட்டும் சார், உங்களுக்கு ஒரு சேதி. உழவர் சந்தைல ஒரு குல்லாக்காரன் வெண்டைக்காயைக் கொள்ளை மலிவாக் குடுக்கறானாம். ஏழு மணிக்குப் போனா ஒண்ணும் இருக்கறதில்லயாம். அதனால நாளைக்கு வாக்கிங்கை அப்பறமா வெச்சுக்கிட்டு ஆறு மணிக்கே போயர்றதுன்னு முடிவு பண்ணிருக்கறோம். உங்களுக்கும் ரெண்டு கிலோ வாங்கி வெக்கட்டுமா?"

வேண்டாம் சார், எங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது என்றேன்.

"ஆமாமா, உங்களுக்கென்ன சார், ஆளை வெச்சு வெவசாயம் பண்றவரு" என்றார்.

ஆள் வைத்து விவசாயம் செய்கிறேன் என்று அவரிடம் நான்தான் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

போகாமல் இருந்திருக்கலாம். காய் பறித்து வைத்தாகிவிட்டது. போனேன்.

6.02-க்கு வந்துவிட்டார்கள். நான் மாஸ்க்கைக் கண் வரைக்கும் ஏற்றியிருந்தேன். ஞானசுந்தரம் சார் ஒவ்வொரு வெண்டையாக எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்தார். ஒடித்ததையெல்லாம் என் கூடையிலேயே போட்டார்.

"யோவ், நல்லா நிறுத்துப் போடுய்யா. என்ன இது, கை இந்த ஆட்டம் ஆடுது? காலைலயே ஊத்திக்கிட்டயா?"

நான் வாயைத் திறக்கவில்லை. குரல் தெரிந்துவிடும். ஒரு கை அள்ளி அதிகமாகவே போட்டேன். அவர் கூட வந்தவரிடம் திரும்பி, "இவன் யாவாரி சார். எவன் தோட்டத்துச் சரக்கோ. வெவசாயி இந்த வெலைக்குக் குடுப்பானா?" என்று சொல்லிக்கொண்டே போனார். பலமாகத்தான் சொன்னார். நாலு வரிசைக்குக் கேட்டிருக்கும்.

துளசிமணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போனதும் கேட்டாள்: "தெரிஞ்சவிங்களாங்கண்ணா?"

"இல்லை" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். பிறகு தன் கீரைக் கட்டுகளை அடுக்கப் போனாள்.

டிசம்பர் 18, வியாழன்

இடி விழுந்தது. பதினோரு விவசாயிகள் கையெழுத்துப் போட்டு அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறார்கள். மயிலாத்தாள் அட்டையில் வியாபாரிச் சரக்கு வந்து விற்கிறதாம். அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை தோட்டத்தைப் பார்க்க வருவார்கள். திங்கள்கிழமை விசாரணை. வியாபாரிச் சரக்கு என்று முடிவானால் அட்டை ரத்து. ரத்தானால் மறுபடி கிடைக்காது.

மயிலாத்தாளிடம் சொன்னேன். அவளுக்குப் புரியவே இல்லை. "நம்ம காயி நம்ம காயிதானுங்களே? அவிங்களுக்கு எப்படிச் சந்தேகம் வந்துச்சு? போர்டு வெலைக்குத்தான வித்தீங்க?"

"ஆமாம்" என்றேன்.

டிசம்பர் 20, சனி

11.05-க்குச் சந்தை அலுவலர் ஜெயகௌரி மேடம் வந்தார். வெண்டையில் வரிசை வரிசையாக நடந்தார். பறித்த காம்பையெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வாசலுக்கு வந்து, நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மயிலாத்தாளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"தோட்டம் இருக்குது, காயும் இருக்குது. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா இந்தக் காய்தான் சந்தைக்கு வந்துச்சுன்னு எப்படி நம்பறது? ஒன்பது வருசத்துல நீங்க ஒரு நாள் எட்டு மணிக்கு முன்னாடி போர்டு வெலைய ஒடைச்சதில்லம்மா. இப்ப உங்க ஊட்டுக்காரரு வர்ற நாளெல்லாம் எட்டு ரூபா கம்மியா அள்ளி விடறாரு. பாடுபட்டு வெளைய வெச்சவங்க அப்படித் தள்ளிவிட மாட்டாங்க. ஏன் அப்படி வித்தாருன்னு சரியான காரணம் ஒண்ணு சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

மயிலாத்தாள் என்னைப் பார்த்தாள். நான் பீர்க்கம்பந்தலைப் பார்த்தேன்.

"வெலை தெரியாம..." என்று ஆரம்பித்தேன்.

"போர்டு வாசல்லயே இருக்குதுங்களே?"

காரணம் தெரியும். ஒரே வரி. அது வரவில்லை.

"நாந்தானுங்க சொன்னேன்" என்றாள் மயிலாத்தாள். "ஆசுபத்திரிச் செலவுக்கு ஒடனே பணம் வேணுமின்னு, எப்படியாவது சீக்கிரம் வித்துட்டு வாங்கன்னு நாந்தான் அனுப்புனேன். அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

மேடம் பேனாவை மூடினார். "அப்படின்னா திங்கக்கெழம அந்தப் பதினோரு பேரு முன்னாடி நீங்களே வந்து சொல்லுங்கம்மா. அவங்க ஒத்துக்கிட்டாத்தான் அட்டை."

என் பொய்க்கு அவள் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நான் பீர்க்கம் பிஞ்சை எண்ணிக்கொண்டு நின்றேன். மேடம் போனதும் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. "ரசத்துக்குக் கொஞ்சம் புளி ஊற வெச்சிருங்க" என்றாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை வேறு யாரும் படிக்கப் போவதில்லை.

எனக்கு வெட்கம். பெண்டாட்டி சந்தையில் காய் விற்பது வெட்கம். டைம் ஆபீஸ் சாராக இருந்த நான் தராசு பிடிப்பதை வாக்கிங் கோஷ்டி பார்ப்பது வெட்கம். பனியும் இல்லை, தூசியும் இல்லை. அவர்கள் வருவதற்குள் ஓடிவிட வேண்டும், அதற்குத்தான் எட்டு ரூபாய்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் ஞானசுந்தரம் சாரோடு நின்றுகொண்டிருந்தேன். மயிலாத்தாள் காலிக் கூடைகளோடு எதிரில் வந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கப் போனாள். நான் திரும்பிச் சுவரில் இருந்த சினிமா போஸ்டரைப் படித்தேன். அவள் நிற்காமல் போய்ப் பஸ் ஏறிவிட்டாள். மதியம் சோறு போட்டாள். அவளும் அதைப் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவள் கவனிக்கவில்லை என்று இத்தனை நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 22, திங்கள்

ஆட்டோவில் கூட்டிப்போனேன். சந்தை ஓய்ந்து 9.30-க்கு அலுவலக முற்றத்தில் உட்கார்ந்தோம். பதினோரு பேரும் நின்றார்கள். துளசிமணி முன்னால் நின்றாள்.

மயிலாத்தாள் அதையே சொன்னாள். ஆசுபத்திரிச் செலவு, நான்தான் அனுப்பினேன், மன்னிச்சுக்குங்க. மாவுக்கட்டுக் காலோடு கை கூப்பினாள்.

"அக்கா பொய் சொல்றாங்க மேடம்" என்றாள் துளசிமணி. "அக்கா எப்ப வந்தாலும் மொதல் பஸ்ல வந்து மொதல் டோக்கன் வாங்கறவங்க. வாசக் கடையவே கேட்டு வாங்கலாம். ஒன்பது வருசமா கடைசி வரிசைல, செவத்தோரக் கடையக் கேட்டு வாங்கறாங்க. ஏங்க்கா இப்படின்னு ஒருக்கா கேட்டேன். 'என்ற ஊட்டுக்காரரு சிநேகிதருங்கல்லாம் மொத ரெண்டு வரிசையோட திரும்பிருவாங்க சாமி, இங்க இருந்தா அவருக்குச் சங்கடமில்ல பாரு'ன்னாங்க. இவிங்களா போர்டு வெலைய ஒடைக்கச் சொல்லிருப்பாங்க?"

மயிலாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி அவள் குனிந்தாள்.

எழுந்து நின்றேன். "எங்க காய்தானுங்க. அவ ஒண்ணும் சொல்லலை. போர்டு வெலைக்குத்தான் வித்தேன்னு அவகிட்டயும் பொய் சொன்னேன். தெரிஞ்சவங்க வர்றதுக்குள்ள வித்துட்டு ஓடிரணும், அதுக்குத்தான் கொறைச்சேன். நான் இங்க உக்காந்திருக்கறத அவங்க பாக்கக் கூடாதுன்னு."

துளசிமணிதான் முதலில் கேட்டாள்.

"எங்களோட உக்காந்திருக்கறது அவ்வளவு கேவலமாங்கண்ணா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். ஆமாம் என்றுதான் நான் ஒன்பது வருடமாக நடந்துகொண்டிருக்கிறேன். அதை அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

கூடிப் பேசி முடிவு சொன்னார்கள். அட்டை தொடரும். ஆனால் நான் தனியாக வரக் கூடாது. அக்கா கூட இருக்க வேண்டும். பொங்கல் வரைக்கும் வாசலில் முதல் கடை, எல்லார் கண் முன்னாலும். இன்னொரு தரம் விலையை உடைத்தால் அட்டை போய்விடும்.

ஆட்டோவில் வரும்போது மயிலாத்தாள் ஒன்றே ஒன்று சொன்னாள். "என்கிட்டப் பொய் சொன்னதக்கூட விட்டுருங்க. துளசி வெண்டக்காய ஆட்டுக்குக் கொட்டுனாளாமா. அவ புள்ளைக்குப் பரீட்சைப் பணம் கட்டறதுக்கு வெச்சிருந்த காயி அது."

டிசம்பர் 24, புதன்

கால் ஊன்றக் கூடாதவளைத் தூக்கி ஆட்டோவில் வைத்து, தூக்கி இறக்கி, முதல் கடையில் உட்கார வைத்தேன். காலை ஒரு கவிழ்த்த கூடைமேல் நீட்டிக்கொண்டாள். சிலேட்டில் போர்டு விலையை எழுதினேன். அவள் கூப்பிட ஆரம்பித்தாள். "வெண்டை வாங்கறவிங்க வாங்க, பிஞ்சு வெண்டை வாங்க!" அவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. வீட்டில் கேட்டதில்லை.

7.13-க்கு எதிரே பூங்கா கேட் திறந்தது. ஞானசுந்தரம் சார், கூட மூன்று பேர். ரோட்டைத் தாண்ட நின்றார்கள்.

மயிலாத்தாள் அவர்களைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். அப்புறம் தராசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க வேணும்னா பின்னால கொழாய்ல தண்ணி குடிச்சுட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

போகவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. போனேன்.

குழாய்க்கும் கடைக்கும் நடுவில் ஒரு தட்டிதான். எல்லாம் கேட்டது.

"ஏம்மா, இங்க மலிவாக் குடுப்பானே ஒரு யாவாரி, அவன் இன்னிக்கு வரலியா?" ஞானசுந்தரம் சார்.

"அவரு யாவாரி இல்லீங்க. என்ற ஊட்டுக்காரரு. மில்லுல டைமாபீஸ்ல இருந்தவரு, தெய்வசிகாமணின்னு பேரு. பின்னால தண்ணி குடிக்கப் போயிருக்கறாரு. இப்ப வந்துருவாரு, நில்லுங்க."



எவ்வளவு நேரம்தான் தண்ணீர் குடிக்க முடியும்? குழாயை மூடினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மணி பார்க்கவில்லை.

ஞானசுந்தரம் சார் பையை விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தார். என்னைக் கண்டதும் "யோவ்" என்று கூப்பிட்டது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சார் என்று கூப்பிடவும் வாய் வரவில்லை. காது வரைக்கும் சிவந்துபோய், பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல், கடைசியில் திரும்பி வாசல் போர்டில் இருந்த விலையைப் படிக்க ஆரம்பித்தார். மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

அவர் படித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு அவர் பையை வாங்கி, "எத்தனை கிலோ சார்?" என்று கேட்டேன்.